அடைப்புக்குறிக்குள்

ஐந்து ரோட்டில், நகைக்கடைக்கு மேல் மூன்றாம் மாடியில்
ராத்திரி பத்தரைக்கு லண்டன் வந்து இறங்கும்.
படம் இருக்காது, குரல் மட்டும்.
இருமல், கதவுச் சத்தம், அங்கே பெய்கிற மழை,
எதையும் வெட்டாமல் அனுப்புவார்கள்.
சொல் விடாமல் தட்டச்சு செய்து
விடிவதற்குள் திருப்பவேண்டும்.
நிமிடத்துக்கு ஆறு ரூபாய்.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற ஏதோ போட்டி.
நான் பார்த்ததில்லை. சேலத்தில் யாரும் பார்த்ததில்லை.
ஆனால் ஹியூகோவின் மூச்சு எனக்குத் தெரியும்.
"ஆக்‌ஷன்" என்பதற்கு முன்னால் விடுவான்.
போன வருடம் அது இவ்வளவு நீளமில்லை.

மைக்கைக் கழற்ற மறக்கிறவர்கள் புண்ணியத்தில்
எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.
யார் யாரோடு ஒரே காரில் வந்தார்,
யார் சம்பளத்தை யார் பார்த்துவிட்டார்,
தச்சன் நிஜத்தில் தச்சனே இல்லை,
ஃபிலிப்பா மேடம் அழுதது சுவர் விழுந்ததற்காக இல்லை.
வெளியே சொல்லமாட்டோம் என்று
எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.
சொன்னாலும் யாரிடம் சொல்வது?
செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில்
ஹியூகோ என்ன விலை போவான்?

மாதேஸ்வரனுக்கு வம்பு வேண்டாம். கோப்பின் பெயர் போதும்.
"இறுதி" என்று வந்தால் நிகழ்ச்சி பிழைக்கும்.
"இறுதி இரண்டு, இதுவே இறுதி" என்று வந்தால்
மேலே இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.
டீ கொண்டுவரும் பையனின் பெயரைத்
தயாரிப்பாளர் திடீரென்று கேட்டாரா,
பட்ஜெட்டில் கை வைத்தாயிற்று,
நாளைக்கு லைட் பிடிப்பதும் அந்தப் பையன்தான்.
ஹியூகோ போவான் என்று ஜனவரியிலேயே சொன்னான்.
லண்டன் பேப்பருக்கு ஏப்ரலில் தெரிந்தது.
தமயந்தி ஐம்பது ரூபாய் தோற்றாள்.
அந்தக் காசில்தான் தட்டுவடை செட்.
சாயங்காலம் கட்டியது, மூன்று மணிக்குப் பிரித்தால்
பீட்ரூட் ஊறி வடை நமத்திருக்கும்.
நமத்துப்போனதும் ஒரு ருசி.

அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த வாரம்
எங்கள் இரவும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருந்தது.
வந்தது படப்பிடிப்பு இல்லை, அறைக்குள் நடந்த பேச்சு.
மைக்கை யாரோ மறந்திருக்கிறார்கள்.
அடுத்த சீசனுக்கு மெஷினே அடித்துவிடும் என்றாள் ஃபிலிப்பா.
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சரியாக வருகிறதாம்.
"அப்போது அந்த சேய்லம் ஆட்கள்?"
"சூனியக்காரிகளைத் தூக்கில் போட்ட ஊர்தானே அது?"
சிரிப்பு.
"அது வேற சேய்லம். ஆனால் நல்ல ஆட்கள்."
"ரொம்ப நல்ல ஆட்கள்."
கோப்பைக்குள் ஒரு கரண்டி இரண்டு சுற்று.

கால்மிதியை அழுத்தி அழுத்தி மூன்று தரம் கேட்டேன்.
காதில் விழாத இடத்தில்
அடைப்புக்குறி போட்டுக் "கேட்கவில்லை" என்று எழுதலாம்,
விதி இருக்கிறது.
"போட்டுடு, யார் பார்க்கப் போறாங்க" என்றாள் தமயந்தி.
மாதேஸ்வரன் கோப்பின் பெயரை இரண்டு தரம் படித்தான்.
"நம்ம மேல யாருமே பணம் கட்டலயே" என்றான்.

தெளிவாகத்தான் கேட்டது.
இத்தனை தெளிவான ஒலி அந்தக் கட்டடத்திலிருந்து
அதற்குமுன் வந்ததில்லை.

எல்லாவற்றையும் அடித்தேன்.
மணி, நிமிடம், நொடி.
பேசியவர் ஒன்று, பேசியவர் இரண்டு.
சிரிப்பு, அடைப்புக்குறிக்குள்.
கரண்டி, அடைப்புக்குறிக்குள். அது தேவையில்லை.
ஊர்ப்பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.
அவள் எப்படிச் சொன்னாலும் எழுத்து ஒன்றுதான்.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஏற்காடு பஸ் ஹாரன் அடித்தது.
மொத்தம் நாற்பத்தொரு நொடி.
அதற்கும் கூலி உண்டு.
நாலு ரூபாய் பத்துக் காசு.